சீன மொழியை இணையவழியில் கற்க இயலுமா? கொல்கத்தா சால்ட் லேக்கிலிருந்து ஒரு விளக்கம்

கொல்கத்தா: இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருந்த நேரடி விமானப் போக்குவரத்து, 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோ நகருக்குப் புறப்பட்ட இண்டிகோ விமானத்துடன் மீண்டும் தொடங்கியது. அதற்கு முன்பாக, அதே ஆண்டு ஜூலை மாதத்தில் சீனர்களுக்கான சுற்றுலா விசாவை இந்தியா மீண்டும் வழங்கத் தொடங்கியிருந்தது. கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக் முதல் செக்டரில் சீனத் துணைத் தூதரகம் அமைந்துள்ளது. அதே சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டரில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. விசாவும் வேலையும் ஒரே புறநகரில் சந்திக்கும் இப்பகுதியில், சீன மொழி அறிந்தோருக்கு எக்காலத்திலும் தேவை இருந்து வந்துள்ளது.

ஆயினும் சீன மொழியைப் பள்ளியிலோ கல்லூரியிலோ கற்கும் வாய்ப்பு இந்திய மாணவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. ஏனையோர் கைப்பேசியையே வகுப்பறையாகக் கொள்கின்றனர். இணையவழிப் பாடத்தால் எதுவரை செல்ல இயலும், எங்கே அது நின்றுவிடுகிறது, தமிழ் பேசுவோருக்கு இம்மொழியில் எவை எளிது, எவை கடினம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மருத்துவ மாணவர்களுக்கு ஏன் இது முக்கியம்?

சீன மொழி பலருக்கு விருப்பப் பாடம். சீனாவில் மருத்துவம் பயில்வோருக்கு அது கட்டாயம். பெருந்தொற்றுக் காலத்தில் தாயகம் திரும்பி, மீண்டும் செல்ல இயலாமல் தவித்த இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 23,000-க்கும் மேல் எனக் கூறப்பட்டது. அவர்களில் தமிழ்நாட்டு மாணவர்களும் கணிசமாக இருந்தனர்.

பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் ஓர் அறிவுரையை வெளியிட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்கான மருத்துவப் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டும் எனினும், மருத்துவமனைப் பயிற்சிக்காகச் சீன மொழித் தேர்வான எச்எஸ்கே-யின் நான்காம் நிலை வரை கற்பது கட்டாயம் என்றும், குறைந்தபட்ச மொழித் தகுதியை எட்டாதோருக்குப் பட்டம் வழங்கப்படாது என்றும் அதில் கூறப்பட்டது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் இந்தியாவில் எழுதும் தகுதித் தேர்வில், 2015 முதல் 2021 வரை சீனாவில் பயின்ற 40,417 பேர் பங்கேற்று 6,387 பேர் மட்டுமே தேர்ச்சி பெற்றனர் என்ற கணக்கும் அதே அறிவுரையில் இடம்பெற்றது.

அந்தத் தேர்ச்சிக் குறைவுக்கு மொழி ஒன்றே காரணம் என்று கூற இயலாது. எனினும் நோயாளியின் பேச்சு புரியாத மாணவருக்கு மருத்துவமனைப் பயிற்சி வெறும் பார்வையாளர் அனுபவமாகவே முடியும். எனவே, சீனாவுக்குப் புறப்படும் முன்பே மொழியைத் தொடங்கிவிடுவது செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மருத்துவக் கல்வியை முழுவதும் இணையவழியில் பயின்றால் இந்தியாவில் ஏற்பு இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. மொழிக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. அதை எங்கிருந்தும் எவ்வழியிலும் கற்கலாம்.

மூடப்பட்ட இரு கதவுகள்

2020-ஆம் ஆண்டு சீன மொழி கற்போருக்கு இரு வகையில் பின்னடைவாக அமைந்தது. 2019-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவில், பள்ளிகளில் கற்பிக்கத்தக்க வெளிநாட்டு மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகியவற்றுடன் சீனமும் குறிப்பிடப்பட்டிருந்தது. 2020 ஜூலையில் வெளியான இறுதிக் கொள்கையில் கொரியம், தாய், போர்ச்சுகீசியம், ரஷ்யம் ஆகியவை இடம்பெற்றன. சீனம் இடம்பெறவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2020 ஜூன் 29 அன்று, 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அந்தப் பட்டியலில் டிக்டாக் இருந்ததைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். வீசாட், வெய்போ, பைடு மொழிபெயர்ப்பு ஆகியவையும் அதில் இருந்தன என்பதை மொழி கற்றோர் மட்டுமே உடனடியாக உணர்ந்தனர். சீனாவில் அன்றாட உரையாடலின் பெரும்பகுதி வீசாட் வழியாகவே நடைபெறுகிறது. சீன ஆசிரியரிடம் குரல்பதிவை அனுப்பித் திருத்தம் பெற்றவர்களும், உடன் பயின்றோருடன் குழுவாகப் பேசியவர்களும் அந்த இணைப்பை ஒரே நாளில் இழந்தனர்.

பாடம் இணையத்தில் தொடர்ந்து கிடைத்தது. இழந்தது பேசுவதற்கான ஆட்களை. சீன மொழி கற்பதில் இவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் கொல்கத்தாவின் வரலாறும் காட்டுகிறது.

பேசுவோர் குறைந்தால் மொழிக்கு என்ன ஆகும்?

இந்தியாவில் சீனர்கள் குடியேறி நிலைத்த முதன்மை நகரம் கொல்கத்தா. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் அச்சூ என்னும் சீன வணிகர், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயராலேயே அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் என அழைக்கப்படுகிறது. பின்னர் வந்தோர் நகருக்குள் டிரெட்டா பஜாரிலும், தோல் பதனிடும் தொழிலுக்காக டாங்ராவிலும் குடியமர்ந்தனர். டாங்ரா, சால்ட் லேக்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

1962 போருக்குப் பின் ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவலி முகாமில் அடைக்கப்பட்டனர். அதன்பின் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். கொல்கத்தாவில் 1969-இல் தொடங்கப்பட்ட ‘சியோங் பாவ்’ என்னும் சீன மொழி நாளிதழ், 2020-இல் பெருந்தொற்றின்போது நின்றுபோனது. இந்தியாவின் ஒரே சீன மொழி நாளிதழாக அது அறியப்பட்டிருந்தது.

டாங்ரா குடும்பங்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஹக்கா. இன்று பாடநெறிகளில் கற்பிக்கப்படும் மாண்டரின் அதிலிருந்து வேறுபட்டது. ஹக்கா மட்டும் அறிந்தவரும் மாண்டரின் மட்டும் அறிந்தவரும் ஒருவர் பேச்சை மற்றவர் எளிதில் புரிந்துகொள்ள இயலாது. எழுத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. சீனாவில் 1950-களில் எழுத்துகள் எளிமையாக்கப்பட்டன. கொல்கத்தாவின் பழைய பெயர்ப்பலகைகளும் கோயில் எழுத்துகளும் மரபு வடிவிலேயே உள்ளன. செயலியில் ஓராண்டு பயின்ற மாணவர் ஒருவர் டாங்ராவுக்குச் சென்றால், அங்குள்ள பலகைகளில் பலவற்றை வாசிக்கத் தடுமாறுவார். ஆகவே, பாடத்தைத் தொடங்கும் முன்பே மாண்டரின் என்ற பேச்சு வழக்கையும், எளிய எழுத்து அல்லது மரபு எழுத்து என்ற வடிவத்தையும் தெரிவு செய்துகொள்வது நல்லது. சீனாவில் பயில்வோருக்கு எளிய எழுத்து வேண்டும். தைவானுக்குச் செல்வோருக்கு மரபு எழுத்து வேண்டும்.

முறையான கல்விக்கு மேற்கு வங்கத்தில் நீண்ட மரபு உண்டு. 1924-இல் சீனா சென்று திரும்பிய ரவீந்திரநாத் தாகூர், பின்னர் சீன அறிஞர் தான் யுன் ஷானைச் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். இருவரின் முயற்சியால் 1937 ஏப்ரல் 14 அன்று விஸ்வபாரதியில் சீன பவனம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே சீன மொழியில் பட்டப்படிப்பும் ஆய்வும் நடைபெறுகின்றன. எனினும், பணிபுரிந்துகொண்டே மொழி கற்க விரும்பும் ஒருவர் சாந்திநிகேதனில் தங்கிப் பயில இயலாது. அத்தகையோருக்கு இணையமே வழியாகிறது.

தமிழ் பேசுவோருக்கு எளிதானவை

சீனம் உலகின் கடினமான மொழி என்ற எண்ணம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரின் அனுபவத்திலிருந்து வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் சீனத்தில் பணித் தகுதி பெற 2,200 வகுப்பு நேரம் தேவை என்று கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆறு ஆண்டுகள். தமிழரின் தொடக்கப்புள்ளி சில இடங்களில் ஆங்கிலேயரிலிருந்து வேறுபட்டது. சீனச் சொற்கள் இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தோராயமாகவே தரப்பட்டுள்ளன.

முதலாவது, உறவுப் பெயர்கள். அண்ணனுக்கு ‘கேகெ’, தம்பிக்கு ‘தீதி’, அக்காவுக்கு ‘ஜியேஜியெ’, தங்கைக்கு ‘மெய்மெய்’ எனச் சீனத்தில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மூத்தவர், இளையவர் என்ற பிரிவு தமிழருக்குப் புதிதன்று. கொல்கத்தாவில் பயில்வோர் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வங்காளத்தில் ‘தீதி’ அக்காவைக் குறிக்கும்.

இரண்டாவது, எண்கள். சீனத்தில் பதினொன்று என்பது ‘பத்து ஒன்று’. இருபது என்பது ‘இரண்டு பத்து’. தமிழின் அமைப்பும் இதுவே. வங்காளத்திலும் இந்தியிலும் நூறு வரையிலான எண்களைப் பெரும்பாலும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியுள்ளது. ஆனால் பத்தாயிரத்துக்குச் சீனத்தில் ‘வான்’ என்ற தனி அலகு உண்டு. ஒரு லட்சம் என்பது அங்கே பத்து வான். விலை பேசும்போது தொடக்கநிலை மாணவர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, தொடரமைப்பு. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்று தமிழில் விவரிப்பு முன்னும் பெயர் பின்னும் வருகின்றன. சீனத்திலும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் இது தலைகீழாகும். அதேபோல், ‘மருத்துவர்’ என்பதுடன் ஆகாரம் சேர்த்து ‘மருத்துவரா?’ எனத் தமிழில் வினா அமைக்கிறோம். சீனத்தில் தொடரின் இறுதியில் ‘மா’ சேர்த்தால் வினா. ‘நீ ஷி யீஷெங் மா?’ என்றால் ‘நீ மருத்துவரா?’ என்று பொருள். முன்னிலையைக் குறிக்கும் சொல் இரு மொழியிலும் ‘நீ’ என ஒலிப்பது தற்செயல் ஒற்றுமையே. அதைக் கொண்டு மொழிக்குடும்ப உறவு கற்பித்தல் தவறு. மதிப்புக்குரியவரிடம் ‘நின்’ என்று மாற்றிச் சொல்லும் வழக்கமும், நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை அறிந்த தமிழருக்கு எளிதில் பிடிபடும்.

நான்காவது, ழகரம். ‘மனிதர்’ என்ற பொருள் தரும் சீனச் சொல்லின் முதல் ஒலியும், ‘இரண்டு’ என்ற சொல்லின் இறுதி ஒலியும் நாவை மடித்து எழுப்பப்படுபவை. தமிழ் ழகரத்தை ஒழுங்காக ஒலிப்பவருக்கு அவற்றின் இடம் ஏற்கெனவே தெரியும். வட இந்திய மாணவர் பலருக்கு இது தனிப் பயிற்சி.

சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கோ இடத்துக்கோ ஏற்ப மாறுவதில்லை என்பதும் ஓர் ஆறுதல். வந்தேன், வந்தாள், வருவார்கள் என்ற மாற்றங்கள் அங்கே இல்லை. ஒரே வினைச்சொல்லும் சில இடைச்சொற்களும் போதும்.

கடினமானவை: தொனியும் மூச்சொலியும்

சீனத்தில் ஓர் அசையின் பொருளை அதன் தொனி தீர்மானிக்கிறது. மாண்டரினில் நான்கு தொனிகள் உள்ளன. முதலாவது, உயர்ந்த சுருதியில் சமமாக நீளும். இரண்டாவது, ‘என்ன?’ என்று வியந்து கேட்பதுபோல் ஏறும். மூன்றாவது, தாழ்ந்து இறங்கும். நான்காவது, ‘போ!’ என்று அதட்டுவதுபோல் சட்டென விழும். ‘மாய்’ என்னும் அசை மூன்றாம் தொனியில் வாங்குதலையும், நான்காம் தொனியில் விற்றலையும் குறிக்கும். வணிகர் ஒருவருக்கு இவ்விரண்டும் எதிரெதிர்.

மருத்துவமனையில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. ‘நாலி’ என்னும் சொல் முதல் அசையின் தொனியைப் பொறுத்து ‘எங்கே’ என்றும் ‘அங்கே’ என்றும் பொருள்படும். ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்க நினைத்த மாணவர், ‘அங்கே வலிக்கிறது’ என்று கூறிவிடக்கூடும்.

மூச்சொலி மற்றொரு தடை. ப, த, க ஆகிய ஒலிகளை மூச்சுக் காற்றுடனும் இல்லாமலும் சீனர் வேறுபடுத்துகின்றனர். வங்காளத்தில் இதற்குத் தனித்தனி எழுத்துகளே உள்ளன. தமிழில் அவ்வேறுபாடு இல்லை. வயிற்றுக்கும் முயலுக்கும் உரிய சீனச் சொற்கள் தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘தூட்ஸ’ என்றுதான் வரும். தொனியும் ஒன்றே. மூச்சு மட்டுமே வேறு. மூச்சைத் தவறவிட்டால் வயிற்று வலி முயலின் வலியாகிவிடும். உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்துப் பேசிப் பார்ப்பது எளிய சோதனை. மூச்சொலியின்போது தாள் அசைய வேண்டும். மூச்சில்லா ஒலியின்போது அசையக் கூடாது.

இதனால்தான் சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டும். சீனா 1958-இல் ஏற்ற ‘பின்யின்’ என்னும் ரோமன் எழுத்து முறை, தொனியையும் மூச்சொலியையும் வேறுபடுத்திக் காட்டும். முதல் மூன்று, நான்கு வாரங்களைப் பின்யினுக்கும் தொனிக்கும் மட்டுமே ஒதுக்குவது பின்னாளில் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும். தவறாகப் பதிந்த தொனியை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

எழுத்து மூன்றாவது சவால். சீன அரசு 2013-இல் வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. அவற்றில் 3,500 மிகுதியாகப் பயன்படுபவை. தமிழின் 247 எழுத்துகளோடு ஒப்பிட்டு அஞ்சத் தேவையில்லை. பெரும்பாலான எழுத்துகள் சிறு உறுப்புகளின் சேர்க்கையே. மூன்று துளிகள் போன்ற நீர் உறுப்பு ஆறு, ஏரி, கடல், வியர்வை ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகள் அனைத்திலும் இடம்பெறும். உறுப்புகளை அறிந்தால் புதிய எழுத்து எதைப் பற்றியது என்பதை ஓரளவு ஊகிக்க முடியும்.

இணையவழிப் பாடம் எதைத் தரும், எதைத் தராது?

பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைச் சீனப் பாடநெறி கோர்செரா தளத்தில் உள்ளது. பிளெக்கோ அகராதிச் செயலியில் எழுத்தைக் கையால் வரைந்தே பொருள் தேடலாம். ஆங்கி போன்ற நினைவட்டைச் செயலிகள், மறக்கும் தறுவாயில் ஒரு சொல்லை மீண்டும் கண்முன் நிறுத்தும் முறையில் இயங்குகின்றன. சொல்வளம், எழுத்து அறிமுகம், கேட்டல் பயிற்சி ஆகிய மூன்றையும் இவற்றால் நன்கு பெறலாம்.

ஆனால் தன் தொனி தவறு என்பதை ஒருவர் தாமே கண்டறிவது அரிது. தமிழ்க் காது தொனியைப் பொருளாக அல்லாமல் உணர்ச்சியாகவே கேட்டுப் பழகியது. வினாவின் இறுதியில் குரலை ஏற்றுவது நம் இயல்பு. சீனத்தில் அந்த ஏற்றம் கடைசிச் சொல்லின் பொருளையே குழப்பக்கூடும். சில செயலிகள் குரலைப் பதிந்து மதிப்பிடுகின்றன எனினும், ஒருவர் எதிரில் அமர்ந்து ‘புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கு அது ஈடாகாது.

தேர்வும் இக்குறையை முழுவதும் வெளிக்காட்டுவதில்லை. எச்எஸ்கே-யின் ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 300, மூன்றாம் நிலைக்கு 600, நான்காம் நிலைக்கு 1,200, ஐந்தாம் நிலைக்கு 2,500, ஆறாம் நிலைக்கு 5,000 சொற்கள் தேவை. முதல் இரு நிலைகளில் வினாத்தாளில் எழுத்துடன் பின்யினும் தரப்படும். மூன்றாம் நிலையிலிருந்து எழுத்து மட்டுமே. நான்காம் நிலையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றில் 100 வினாக்கள் இடம்பெறும். 300 மதிப்பெண்ணுக்கு 180 பெற்றால் தேர்ச்சி. பேச்சுத் திறன் இதில் சோதிக்கப்படுவதில்லை. அதற்கு எச்எஸ்கேகே என்னும் தனித் தேர்வு உண்டு.

அதாவது, வாய் திறந்து ஒரு தொடர்கூடப் பேசாமல் ஒருவர் நான்காம் நிலைச் சான்றிதழைப் பெற இயலும். பட்டத்துக்கான விதி நிறைவேறிவிடும். நோயாளியின் முன் நிற்கும்போதுதான் குறை தெரியவரும்.

உடன் பயில்வோர் ஏன் தேவை?

இந்தக் குறையை நிரப்புவது கற்போர் குழு. தமிழருக்கு இது புதிய கருத்தன்று. இலங்கையின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் ஒருசேரப் பொறிக்கப்பட்டுள்ளன. 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. அண்மைக் காலத்தில், 1963 ஆகஸ்ட் 1 அன்று பெய்ஜிங்கிலிருந்து தமிழ் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. தமிழ் கற்ற சீனர்கள் தமிழ்ப் பெயர் சூடி அதில் பேசினர். தமிழ்நாட்டில் நேயர் மன்றங்கள் உருவாயின. அவ்வானொலி சீன மொழிப் பாடங்களையும் வழங்கியது. கேட்ட பாடத்தைப் பற்றி அஞ்சலில் கடிதம் எழுதி, பதில் வரக் காத்திருந்த அந்த நேயர்களே, இன்றைய இணையக் குழுக்களுக்கு முன்னோடிகள் எனலாம்.

அன்று வாரக்கணக்கில் கிடைத்த பதில் இன்று நிமிடங்களில் கிடைக்கிறது. ஆயினும் எல்லாக் குழுவும் பயன் தருவதில்லை. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து, வாழ்த்துப் படங்களை மட்டும் பகிரும் குழுவால் மொழி வளராது. நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு குழு போதும். அதன் செயல்முறையை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம்:

• நாள்தோறும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடக் குரல்பதிவை அனுப்புதல். முந்தைய நாளின் ஐந்து சொற்கள் அதில் இடம்பெற வேண்டும்.

• ஒருவரின் பதிவை மற்றொருவர் கேட்டு, தாம் புரிந்துகொண்டதைத் தமிழில் எழுதுதல். தவறான தொனி இங்கே தானாகவே வெளிப்படும்.

• வாரம் ஒரு முறை காணொலியில் அரை மணி நேரம் சீனத்தில் மட்டுமே பேசுதல்.

• குழுவில் ஒருவரேனும் மற்றவர்களைவிட இரண்டு நிலைகள் முன்னேறியவராக இருத்தல். இல்லையெனில் தவறுகள் திருத்தப்படாமல் பரவும்.

• மாதம் இரு முறையாவது சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரிடமோ பயிற்சி பெற்ற ஆசிரியரிடமோ ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளுதல்.

மொழிப் பரிமாற்றம் என்னும் வழியும் உண்டு. குன்மிங் நகரிலுள்ள யுன்னான் மின்சு பல்கலைக்கழகம் போன்ற சீன நிறுவனங்களில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் சீனம் எனப் பகிர்ந்துகொள்வது இருவருக்கும் செலவில்லாத பயிற்சி. சீன மாணவர் நமது ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்தத் திணறுவதைக் கேட்கும்போது, நமது தொனித் தவறுகள் குறித்த கூச்சமும் குறையும்.

எவ்வளவு காலம் ஆகும்?

நாளொன்றுக்கு ஐந்து புதிய சொற்கள் வீதம் கற்றால், நான்காம் நிலைக்குரிய 1,200 சொற்களை 240 நாள்களில் ஒரு முறை கடந்துவிடலாம். மீள்பயிற்சிக்கும் எழுத்துக்கும் பேச்சுக்கும் ஏறத்தாழ அதே அளவு காலம் தேவை எனக் கொண்டால், ஒன்றேகால் முதல் ஒன்றரை ஆண்டு நியாயமான இலக்கு. ‘மூன்றே மாதங்களில் சரளமான சீனம்’ என்ற விளம்பரங்களை இந்தக் கணக்குடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

எச்எஸ்கே தேர்வு மாற்றத்தில் உள்ளது. சீனா 2021-இல் வெளியிட்ட புதிய தரவரையறையில் ஒன்பது நிலைகளும் 11,092 சொற்களும் உள்ளன. எனவே, கட்டணம் செலுத்தும் முன் எந்தப் பாடத்திட்டத்தின்படி தேர்வு நடைபெறுகிறது என்பதை அதிகாரப்பூர்வ தளத்தில் உறுதி செய்ய வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும் என்பதால், மிக முன்னதாக எழுதுவதும் பயனற்றுப் போகலாம்.

தடைசெய்யப்பட்ட செயலிகளைக் குறுக்குவழியில் நிறுவுவதைத் தவிர்க்க வேண்டும். அறிமுகமற்ற மொழிக் குழுக்களில் கடவுச்சீட்டு, விசா, வங்கி விவரங்களைப் பகிரக் கூடாது. கல்லூரிச் சேர்க்கைக்கு உதவுவதாகக் கூறும் இடைத்தரகர்கள் ‘மொழியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால், தூதரகத்தின் 2022 அறிவுரையைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

சால்ட் லேக்கில் விசாவுக்காக விண்ணப்பிக்கும் மாணவரிடம் நிறைவு செய்த படிவங்கள் இருக்கும். சேர்க்கைக் கடிதமும் இருக்கும். விமானமும் இப்போது அந்நகரிலிருந்தே புறப்படுகிறது. குவாங்சோவில் இறங்கியபின் அவருக்குத் தேவைப்படுவது, தாம் சொல்வது எதிரில் உள்ளவருக்குப் புரியும் என்ற உறுதி. அதைச் செயலி மட்டும் அளிக்க இயலாது. புறப்படும் முன்பே தம் பேச்சைக் கேட்டு, தவற்றைச் சுட்டிக்காட்டிய நான்கு பேர் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.